வாய் கோணியவரின் காதைப் பாருங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



‘கபால நரம்புகளின் அழற்சி: செவியும் சமநிலையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதன்கீழ் பேச நிறைய உண்டு. மூளையுறை அழற்சியிலிருந்து பிழைத்த குழந்தை, காய்ச்சல் விட்ட கையோடு செவித்திறனை இழப்பதைப் பற்றிப் பேசலாம். கண்ணையும் காதையும் ஒருசேரத் தாக்குவதாக 1945-இல் டேவிட் கோகன் விவரித்த நோயைப் பற்றிப் பேசலாம். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: காதில் வருகிற அக்கி. முகநரம்பையும் செவிநரம்பையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த நோயை மருத்துவ நூல்கள் ராம்சே ஹண்ட் நோய் என்கின்றன.

அன்றாடம் காணும் நோயல்ல இது. அமெரிக்கக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு வருகிறது. ஆனால் அடிபடாமல் வரும் முகவாதங்களில், காரணம் பிடிபடாத பெல் வாதத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மாத்திரையாகவே மருந்து இருக்கிறது. இருந்தும் பலர் ஒரு பக்க முகத்தையும் ஒரு காதையும் இழந்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். ஏன் என்பதற்கு என் பதில் இதுதான்: முகம், செவி, சமநிலை மூன்றும் இந்த நோயில் ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் பழுதாகின்றன. நாம் அவற்றை மூன்று நோயாகப் பிரித்துப் பார்க்கிறோம். அப்படிப் பிரிப்பதில் சிகிச்சைக்கு உரிய நாட்கள் கழிந்துவிடுகின்றன.

1

முதலில் இடத்தைப் பார்ப்போம். கபால நரம்புகள் 12 இணை. ஏழாவது முகநரம்பு, எட்டாவது செவிநரம்பு. இரண்டும் மூளைத்தண்டிலிருந்து அருகருகே புறப்பட்டு, பொட்டெலும்புக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள உட்செவிக் கால்வாயில் சேர்ந்தே நுழைகின்றன. எட்டாவது நரம்பு அங்கே பிரிந்துவிடுகிறது. ஒரு கிளை கேட்பதற்காக நத்தை எலும்புக்கும், மற்றவை உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்கள் இருக்கும் பகுதிக்கும் போகின்றன. முகநரம்போ எலும்புக்குள்ளேயே தனிக் குழாய் ஒன்றில் மேலும் சுமார் 3 சென்டிமீட்டர் வளைந்து நெளிந்து சென்று, காதுமடலுக்குக் கீழே வெளிவந்து முகமெங்கும் பரவுகிறது. வேறெந்தக் கபால நரம்பும் எலும்புக்குள் இவ்வளவு தூரம் போவதில்லை.

அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தசைக்கு நடுவே ஓடும் நரம்பு வீங்கினால் பக்கத்துத் தசை சற்று விலகி இடம் தரும். எலும்பு விலகாது. விரல் வீங்கும்போது மோதிரம் இறுகிப்போவதைப் போல, வீங்கிய நரம்பைக் குழாயே நெரிக்கிறது. இரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் நரம்பு இன்னும் வீங்குகிறது. மணிக்கணக்கில் தொடங்குகிற இந்தச் சுழற்சி சில நாட்களில் நரம்பிழைகளைச் சாகடித்துவிடும். நான் இன்று நாள் கணக்கை ஓயாமல் பேசப்போவதற்குக் காரணம் இந்த எலும்புதான்.

போகிற வழியில் முகநரம்பு சில கிளைகளையும் விடுகிறது. கண்ணீர்ச் சுரப்பிக்கு ஒன்று. பெரிய சத்தம் வரும்போது செவியின் சிற்றெலும்பை இழுத்துப் பிடித்துச் சத்தத்தைக் குறைக்கும் தசைக்கு ஒன்று. நாக்கின் முன்பகுதிக்குச் சுவையறிய ஒன்று. ஆகவே நோயாளி ‘வாய் கோணிப்போச்சு’ என்பதோடு நிறுத்தமாட்டார். ‘பாத்திரம் உருட்டுற சத்தம் காதைக் கிழிக்குது’ என்பார். ‘நாக்குல ஒரு பக்கம் ருசி செத்துப்போச்சு’ என்பார். ‘காது அடைச்ச மாதிரி இருக்கு, உள்ளே வண்டு இரைச்சல்’ என்பார். ‘படுத்தால் கட்டிலே சுத்துது’ என்பார். மாணவர்களே, இவையெல்லாம் தனித்தனிப் புகார்கள் அல்ல. அவர் அறியாமலே அந்த எலும்பின் வரைபடத்தை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2

அழற்சியை மூட்டுவது சின்னம்மை வைரஸ். சிறுவயதில் அம்மை போட்டு, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். வைரஸ் போவதில்லை. நரம்பு முடிச்சுகளுக்குள் போய் அடங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ, நீரிழிவாலோ, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளாலோ உடம்பின் காவல் தளரும்போது ஏதோ ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. அதுதான் அக்கி. மார்பிலும் இடுப்பிலும் வருவதே அதிகம். முகநரம்பின் முடிச்சில் எழுந்தால் காதில் வரும்.

இதை உறுதியாக எடுத்துரைத்தவர் பெரிய ஆய்வுக்கூடத்துக்காரர் அல்ல, இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தம்மிடம் வரும் ஏறத்தாழ 3,500 பேரில் யாருக்கு எப்போது அக்கி வந்தது என்று 16 ஆண்டுகள் குறித்துவைத்தார். ஷெட்லாந்தின் யெல் என்ற சிறு தீவுக்கும் போய் விசாரித்தார். அக்கி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி வருவதில்லை, அவரவர் உடம்பில் தூங்கிய அம்மையே மீண்டும் விழிக்கிறது என்ற முடிவை 1965-இல் வெளியிட்டார். அதுவும் இதுபோன்ற ஒரு சொற்பொழிவாகத்தான் நிகழ்த்தப்பட்டது. ஊர் மருத்துவரின் குறிப்பேட்டுக்கு இருக்கும் வலிமையை இங்குள்ள இளம் மருத்துவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

காதுக்கு வந்த அக்கியைத் தனி நோயாக அடையாளம் காட்டியவர் ஜேம்ஸ் ராம்சே ஹண்ட். 1872-இல் பிலடெல்பியாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர். 1907-இல் வந்த கட்டுரையில் நோயை அவர் நான்கு படிகளாக வகுத்தார்: காதில் கொப்புளம் மட்டும், கொப்புளத்தோடு முகவாதம், அவற்றோடு செவிக்குறைவு, இவை எல்லாவற்றோடும் தலைசுற்றல். அந்தக் காலத்தில் வைரஸை யாரும் கண்ணால் கண்டதில்லை, ஸ்கேன் கிடையாது. கொப்புளத்தையும் முகத்தையும் செவியையும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் பார்த்தார், அவற்றை ஒரே நோய் என்று துணிந்து சொன்னார். நூறாண்டு கடந்த பிறகும் நம்மிடம் பல இடங்களில் குறைவாக இருப்பது அந்தப் பார்வைதான்.

3

என்னிடம் வந்த ஓர் ஆசிரியையின் கதையைச் சொல்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 52, நீரிழிவு உண்டு.

முதல் நாள் வலது காதில் ஊசி குத்துவது போன்ற வலி. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காதுமடலின் குழிவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். மாமியார் பார்த்துவிட்டு வேளார் வீட்டுக்கு அழைத்துப் போனார். இங்குள்ள பலருக்கு இது பழக்கப்பட்டதுதான். செங்காவியைக் குழைத்து அக்கியைச் சுற்றி எழுதிவிடுவார்கள். அந்த வீட்டுப் பெரியவர் எழுதிவிட்டு, ‘அக்கிதான் தாயி. ஆனா காதுக்குள்ள இறங்கியிருக்கு. நீ பெரியாஸ்பத்திரியில காட்டிரு’ என்றாராம். தேர்வு நேரம் என்பதால் ஆசிரியை போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை காபி குடிக்கும்போது கடைவாய் வழியே ஒழுகியது. வலது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று வீடே பதறி ஒரு மருத்துவமனைக்கு ஓடியது. ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் ஒன்றுமில்லை. ‘பயப்பட வேண்டாம், குளிர்காற்று பட்டிருக்கும்’ என்று சொல்லி முகத்துக்குக் கரண்ட் வைக்க அனுப்பினார்கள். காதை யாரும் பார்க்கவில்லை. ஏழாம் நாள் தலைசுற்றலும் வாந்தியும். வேறோர் இடத்தில் பித்தம் என்று குளுக்கோஸ் ஏற்றி, தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் எங்களிடம் வந்தார்.

அப்போது கொப்புளங்கள் வற்றிப் பொருக்காகிவிட்டன. முகத்தையும் நடையையும் பார்த்த பிறகு காதில் விளக்கடித்தேன். மடலின் மடிப்புக்குள் கழுவிப் போகாமல் ஒரு செந்நிறக் கோடு. ‘அக்கி எழுதினீர்களா அம்மா?’ என்று கேட்டேன். படித்தவர் என்பதால் கூச்சப்பட்டார், பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நோயை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் காவிதான்.

காவி எழுதுவதால் வைரஸ் சாகாது. அதை நம்பி நாளைக் கழிக்கக் கூடாது என்று ஒவ்வொரு முகாமிலும் சொல்லிவருகிறேன். ஆனாலும் அந்த ஒன்பது நாளில் அவரைப் பார்த்த அத்தனை பேரிலும் நோயைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டவர் அந்தப் பெரியவர் ஒருவரே. அவர் தோலைப் பார்த்தார். மற்றவர்கள் திறமையற்றவர்கள் அல்ல. முகத்துக்கு வந்தவரிடம் முகத்தைப் பார்த்தார்கள், தலைசுற்றலுக்கு வந்தவரிடம் தலைசுற்றலைப் பார்த்தார்கள்.

ஆகவே நடைமுறையில் நான் கேட்பது மிகச் சிறிய காரியம். வாய் கோணி வருபவர் யாராக இருந்தாலும் காதுமடல், காதுத்துளை, மடலுக்குப் பின்புறம், வாயைத் திறந்து மேலண்ணம், நாக்கு இவற்றைப் பாருங்கள். கொப்புளம் அங்கெல்லாம் வரும். காதில் அக்கியோடு வருபவரிடம் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், கண்ணை இறுக மூடச் சொல்லுங்கள், இசைக்கவையை வைத்துப் பாருங்கள், நாலடி நடக்கச் சொல்லுங்கள். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கச் சிரமமா என்றும் கேளுங்கள். ஒன்பதாம், பத்தாம் நரம்புகளுக்கும் இந்த அழற்சி பரவுவதுண்டு. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம்.

இன்று கொப்புளம் இல்லையென்றால் நாளை வரலாம். நூறில் 14 பேருக்கு முகவாதம் வந்த பிறகே கொப்புளம் தோன்றுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்குக் கொப்புளமே வராமல் நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. ‘பெல் வாதம்’ என்று எழுதி அனுப்பும் ஒவ்வொருவரிடமும், ‘தினமும் கண்ணாடியில் காதைப் பாருங்கள், காதுவலி அதிகமானால் உடனே வாருங்கள்’ என்று சொல்லி அனுப்புவது மருத்துவரின் கடமை.

4

நாள் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, ஆதாரம் என்ன?

ஜப்பானில் முராகாமி குழுவினர் 1997-இல் 80 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் கொடுக்கப்பட்டன. வேறுபாடு தொடங்கிய நாளில்தான். முதல் 3 நாட்களுக்குள் தொடங்கியவர்களில் 75 விழுக்காட்டினருக்கு முகம் முழுமையாகத் திரும்பியது. 4 முதல் 7 நாட்களுக்குள் தொடங்கியவர்களில் 48 விழுக்காடு. ஏழு நாட்களுக்குப் பிறகு 30 விழுக்காடு.

இது பழைய பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பெரிய சோதனை இந்த நோய்க்கு நடக்கவில்லை. இருந்த ஒரே சிறு சோதனையில் 15 பேர்தான். அதில் வைரஸ் மருந்தின் பயன் நிறுவப்படவில்லை. இதைச் சுட்டிக்காட்டி ‘ஆதாரம் போதாது’ என்று சொல்லும் நண்பர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் பக்கத்து நோயைப் பாருங்கள். பெல் வாதத்துக்கு ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடந்த சோதனை 2007-இல் வெளிவந்தது. 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியவர்களில் ஒன்பது மாதத்தில் 94.4 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். அது கிடைக்காதவர்களில் 81.6. அங்கே அசைக்ளோவிர் பயன் தரவில்லை. காதில் அக்கி வந்தவரிடமோ வைரஸ் கண்ணெதிரே கொப்புளமாக நிற்கிறது. அக்கிக்கு அந்த மருந்து வேலை செய்யும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. பெரிய சோதனை வரும்வரை நரம்பு காத்திருக்காது. எனவே இரண்டையும் சேர்த்து, உடனே கொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அசைக்ளோவிரில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து வேளை விழுங்க வேண்டும். நம் வீடுகளில் மாத்திரை என்றால் மூன்று வேளைதான். பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். எந்தெந்த மணிக்கு என்று தாளில் எழுதிக் கொடுங்கள், அல்லது மூன்று வேளை போதுமான வாலசைக்ளோவிரை எழுதுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்தே ஆக வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதற்குப் பயந்து மருந்தை மறுக்காமல், சர்க்கரையைத் தினமும் பார்த்துக்கொண்டு கொடுங்கள். இவை எதையும் நோயாளி தானாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

5

ஓர் எச்சரிக்கை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாய் கோணுவதெல்லாம் அக்கி என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். மூளையில் வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிக்கும். புருவத்தை உயர்த்தினால் இருபுறமும் சுருக்கம் விழும், வாய் மட்டும் இழுக்கும். நரம்பே பழுதானால் அந்தப் பக்க நெற்றி வழுவழுப்பாக நிற்கும். ஆனால் இந்த விதியை மட்டும் நம்பி முடிவெடுப்பது மருத்துவரின் வேலை, குடும்பத்தாரின் வேலை அல்ல. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே அவசரப் பிரிவு. சிறுமூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டாலும் திடீர்த் தலைசுற்றலும் ஒரு காதில் செவிக்குறைவும் சேர்ந்தே வரும். வயதானவர்களிடம் இதை மறக்கவே கூடாது.

6

காலம் கடந்து வருகிறவர்களை என்ன செய்வது?

முதலில் கண். மூடாத கண் ஒரு வாரத்தில் காய்ந்து, கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி மெல்லிய டேப் ஒட்டுங்கள். வெளியே போகும்போது கண்ணாடி. முகம் ஆறு மாதம் கழித்தும் திரும்பலாம், கருவிழி அப்படியல்ல.

அடுத்து சமநிலை. ஒரு பக்கச் செய்தி அற்றுப்போனால், மூளை மறுபக்கத்தை வைத்தே புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் அதற்கு அசைவு வேண்டும். தலைசுற்றலை அமுக்கும் மாத்திரைகள் முதல் இரண்டு மூன்று நாள் வாந்திக்கு உதவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை கற்பதையே தடுத்துவிடும். மருத்துவச் சீட்டில் இவை ஆண்டுக்கணக்காக நீடிப்பதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தித் தலையை அசைப்பது, எழுந்து நடப்பது, திரும்புவது போன்ற பயிற்சிகளை 1940-களிலேயே இங்கிலாந்தில் கௌத்தோர்னும் குக்சியும் வகுத்துவிட்டார்கள். செலவே இல்லாதவை. துணைக்கு ஒருவர் நின்றால் போதும்.

முகத்துக்கு அவசரம் ஆகாது. நரம்பிழைகள் திரும்ப வளரும்போது வழி மாறிப் போவதுண்டு. சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், சாப்பிட்டால் கண்ணீர் வழியும். முகத்தை வலிந்து இழுத்துச் செய்யும் பயிற்சி இதைக் கூட்டும். கண்ணாடி முன் மெதுவாக, சிறு அசைவாகச் செய்ய வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் கரண்ட் வைப்பதைக் குறைத்து இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செவிதான் மூன்றிலும் துயரமானது, ஏனென்றால் வெளியே தெரியாது. நான் சொன்ன ஆசிரியைக்கு முகம் ஓராண்டில் பெருமளவு திரும்பியது. வலது காது திரும்பவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் எந்த வரிசையிலிருந்து குரல் வருகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை. திசையறிய இரண்டு காது வேண்டும். ‘ஒரு காதுதான் கேட்குதே’ என்று வீட்டார் சொல்லும் ஆறுதல் அவருக்கு உதவவில்லை. நாற்காலியை வகுப்பின் வலது மூலைக்கு, சுவரோரமாக மாற்றிப் போட்ட பிறகுதான் பிள்ளைகள் எல்லோரும் அவருடைய கேட்கும் காதின் பக்கம் வந்தார்கள். செவித்துணைக் கருவியைப் பற்றிப் பேசும் முன் இப்படி எங்கே உட்கார்வது, எந்தப் பக்கம் நிற்பது என்று பேசுங்கள்.

7

நோய் வராமலே தடுக்க முடியுமா என்று கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். முடியும். அக்கிக்கான புதிய தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 50 வயது கடந்தவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அக்கியை 97 விழுக்காடு தடுத்தது. விலைதான் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குமாவது அரசு இதை இலவசமாகத் தர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். இளையவர்களும் விலக்கல்ல. 2022-இல் பாடகர் ஜஸ்டின் பீபர் தமக்கு இந்த நோய் வந்ததை முகத்தைக் காட்டி அறிவித்தபோது அவருக்கு வயது 28.

தொற்றுமா என்றும் அந்தப் பெரியவரே கேட்டார். அக்கி அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், சின்னம்மையே வராதவர்களுக்கு அம்மை வரும். காதில் கொப்புளம் உள்ள பாட்டி, பொருக்குத் தட்டும்வரை கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் துண்டையும் தலையணையையும் தனியாக வையுங்கள்.